மகளிர் இரட்டையர் பந்தாட்டம்

பந்தாடுதல் தமிழ்நாட்டு மகளிர்க்குப் புதியதொரு கலையன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு எனப் பலவகைப் பாடல்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றுள் கந்துக வரி என்பது மகளிர் பந்தடித்து ஆடுங்கால் பாடும் பாட்டாகும். கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில், வத்தவ காண்டத்தே, 'பந்தடி கண்டது' என ஒரு பகுதியே தனித்து நிற்கின்றது. ஆங்கு மகளிர் ஒருவர்பின் ஒருவராக வந்து பந்தடிக்கின்றனர். அடித்த அடிகளின் எண்ணிக்கை கொண்டு அவர்தம் திறமை மதிக்கப்படுகின்றது. இவற்றைக் கற்றோர், மகளிர் பந்தாட்டம் மேனாட்டார் நமக்குக் கொணர்ந்த புதுமை என்று கூறத் துணியார்.

ஆயின், பெருங்கதையிற் கூறப்படுவது ஒவ்வொருத்தியும் தனித்து நின்று தன் திறங்காட்டும் ஆட்டமேயாம். இருவர் ஒன்றுபட்டுத் தொழிற்படும் திறம் பழந்தமிழ் மகளிர்பால் வேறோரிடத்தே விளங்கிற்று. அஃது உரற்களமாகும். கலித்தொகையுள் குறிஞ்சிக்கலியில், தலைவியும் தோழியும் உலக்கை கொண்டு குற்றிக்கொண்டே வள்ளைப் பாட்டை மாறி மாறிப் பாடுகின்றனர். சங்க நூல்கள் குடவாயில் எனச் சுட்டும் எம் குடவாசலைச் சூழ்ந்த நெல்வயற் சிற்றூர்களிலும், அரைவை ஆலைகள் பெருகுமுன், ஓருரலில் இருவர் நெற்குற்றுதல் வழக்கமாயிருந்ததென முதியோர் கூறுவர். ஒருத்தி உலக்கையை உயர்த்துங்கால் மற்றவள் தாழ்த்துவாள்; ஒரு கணம் பிழைப்பினும் உலக்கை உலக்கையோடு மோதும். ஆடலிலே தனிமையும் உழைப்பிலே இணைமையுமாக வேறு வேறு நின்ற இவ்விரு திறங்களும் ஒருங்கு கூடிய ஆட்டமொன்று இன்று உலகெங்கும் மகளிரால் ஆடப்படுகின்றது. அதுவே டென்னிஸ் இரட்டையர் ஆட்டம். 2022-ஆம் ஆண்டிற் சென்னையில் நடைபெற்ற பெரும்போட்டி ஒன்றனை முன்னிறுத்தி, அவ்வாட்டத்தின் இயல்பையும், அதன் சிறப்புக்கேற்ற மதிப்பு அதற்கு இன்னும் எய்தாமையையும் ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். டென்னிஸ் ஆட்டத்திற்குத் தலைக்களமாக மதிக்கப்படுவது இங்கிலாந்து நாட்டு விம்பிள்டன். ஆங்கு 1877-ல் ஆடவர் ஒற்றையர் போட்டி தொடங்கிற்று. 1884-ல் மகளிர் ஒற்றையர் போட்டியும் ஆடவர் இரட்டையர் போட்டியும் உடன் சேர்ந்தன. மகளிர் இரட்டையர் பட்டப்போட்டியோ அதற்கும் 29 ஆண்டுகள் கழித்து, 1913-ஆம் ஆண்டிலேதான் இடம்பெற்றது. வினிஃபிரெட் மக்நாயர், டோரா பூத்பி என்னும் இருவர் அவ்வாண்டுப் பட்டத்தைப் பெற்றனர். மகளிர் ஆடலாம் என ஒப்புக்கொண்டார். ஆடவர் இருவர் கூடி ஆடலாம் எனவும் ஒப்புக்கொண்டார். மகளிர் இருவர் கூடி ஆடுதலை ஒரு பட்டத்திற்குரியதாக ஏற்றற்கு மட்டும் ஒரு தலைமுறைக் காலம் வேண்டியிருந்தது போலும்!

பின்னர் 1970-ல், பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட 9 மங்கையர், ஆடவர் பரிசிற் சிறுபங்கே தமக்கு அளிக்கப்படுதலைப் பொறாது, பெயரளவிற்கு ஒரு டாலர் பெற்று ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டு, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தனிப்போட்டி ஆடினர். 1973-ல் மகளிர் டென்னிஸ் சங்கம் நிறுவப்பெற்றது. இன்று உலகின் பல நகரங்களிலும் ஆண்டு முழுதும் நடைபெறும் மகளிர் தொழின்முறைப் போட்டிகளை நடத்துவிப்பது அச்சங்கமே. அப்போட்டிகள் ஒவ்வொன்றிலும் ஒற்றையர், இரட்டையர் என இரு பிரிவுகள் உள.

இனி, ஆடுகளத்தின் இயல்பைக் கூறுவாம். களத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆடுங்கால் அகலம் 27 அடி. இரட்டையர் ஆடுங்கால் இருமருங்கும் நாலரை அடி கூட்டப்பெற்று அகலம் 36 அடியாகும். நடுவே கட்டிய வலை மையத்தில் 3 அடி உயரமுடையது. இக்கணக்கைச் சற்றே ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆடுவோர் தொகை இருமடங்காகின்றது; அகலமோ மூன்றிலொரு பங்கே மிகுகின்றது. ஒற்றையர் ஆட்டத்தில் ஒருத்தி காக்க வேண்டுவது 27 அடி. இரட்டையர் ஆட்டத்தில் ஒருத்தியின் பங்கு 18 அடியே. ஆகவே, பந்து சென்று வீழ்தற்குரிய வெற்றிடம் இங்கே மிக அரிது. வன்மையாக அடித்தலினால் மட்டும் பயன் விளையாது. எதிரிணையார் நிற்கும் நிலையைக் கலைத்து, இல்லாத வெற்றிடத்தை உண்டாக்கிக்கொண்டு, அதன்பின் அதில் அடித்தல் வேண்டும்.

எனினும், ஓரிடம் எப்பொழுதும் ஐயத்திற்கு இடனாகவே உள்ளது. அது பக்க எல்லைகளன்று. இருவர்க்கும் நடுவேயுள்ள இடமாகும். அவ்விடத்து வரும் பந்து இருவர்க்கும் உரியது; அதனாலேயே சிலவேளை ஒருவர்க்கும் உரியதன்றாய்ப் போய்விடும். இவள் அடிப்பாள் என்று அவளும், அவள் அடிப்பாள் என்று இவளும் நிற்க, பந்து இருவரையுங் கடந்து செல்லும். அன்றி, இருவரும் ஒருங்கே பாய மட்டையோடு மட்டை மோதுதலும் உண்டு. உரலில் உலக்கைகள் மோதுவதும் இதுவேயன்றோ? ஆதலின், நடுவிலே வரும் பந்தை யார் அடிப்பது என முன்னரே துணிந்து கொள்ளாத இணை, தனித்தனியே எத்துணை வல்லராயினும், வெல்லுதல் அரிதாகும்.

சர்வீஸ் என வழங்கும் தொடக்கவடியை நால்வரும் முறைவைத்து, ஒவ்வொரு கேமிற்கு ஒருவராகச் செய்வர். அதனை எதிர்கொள்ளும் இணையில் ஒருத்தி வலப்பாதியையும் மற்றவள் இடப்பாதியையும் ஏற்றுக்கொள்வர். ஒரு செட் முடியுமளவும் அவர் அந்நிலையை மாற்றிக்கொள்ளல் ஆகாது. சர்வீஸ் செய்பவள் களத்தின் பின்னெல்லையில் நிற்ப, அவள் துணைவி பெரும்பாலும் வலையருகே எதிரணியை நோக்கி நிற்பாள். அங்ஙனம் நிற்பவள் தன் கையை முதுகின்புறம் மறைத்து, விரல்களால் ஒரு குறி காட்டுதலைக் கூர்ந்து நோக்குவார் காணலாம். பந்தை எப்பக்கம் செலுத்துக என்பதும், தான் குறுக்கே பாயப்போவதுண்டா இல்லையா என்பதும் அக்குறியின் பொருளாகும்.

குறுக்கே பாய்தல் என்பது இவ்வாட்டத்தின் உயிர்நிலை எனலாம். வலையருகே நிற்பவள் தன் பாதியை விட்டு மறுபாதிக்குப் பாய்ந்து, எதிரி அனுப்பிய பந்தை நிலம்படுமுன் இடைமறித்து அடிக்கின்றாள். பந்து அகப்படின் வெற்றி. அகப்படாவிடின், அவள் விட்டகன்ற பாதி காப்பாரின்றிக் கிடக்கும். பின்னே நிற்பவள் அவள் பாயுங் கணத்திலேயே அவ்வெற்றிடத்திற்கு ஓடிச் சேர்தல் வேண்டும். முன்னிற்பவள் திரும்பிப் பார்ப்பதற்குப் பொழுதில்லை. பாராமலே தன் இடத்தைத் துணைவியிடம் ஒப்படைத்துப் பாய்கின்றாள். ஒற்றையர் ஆட்டத்தில் ஒருத்திக்கு வேண்டுவது தன்மேல் தனக்குள்ள நம்பிக்கை; இரட்டையர் ஆட்டத்திலோ பிறர்மேல் வைக்கும் நம்பிக்கையும் உடன் வேண்டப்படுகின்றது. இந்நம்பிக்கை ஒருநாளில் அமைவதன்று. பலநாட் பழகி, தோல்வியையும் உடனிருந்து பகிர்ந்துகொண்டார்க்கே அமைவது.

எண்ணிக்கை முறையையும் சுருங்கக் கூறுவாம். ஒரு கேமில் புள்ளிகள் 15, 30, 40 என ஏறும். ஒற்றையர் ஆட்டத்தில் இருதிறத்தாரும் 40 எனச் சமனாயின், அடுத்தடுத்து இரு புள்ளிகள் பெற்றவரே அக்கேமை வெல்வர். மகளிர் சங்கத்துப் போட்டிகளின் இரட்டையர் ஆட்டத்திலோ, அவ்வாறு சமனாகுங்கால் ஒரே புள்ளியால் கேம் முடிவு செய்யப்படும். சர்வீஸை ஏற்கும் இணையாரே தம்முள் யார் ஏற்பது எனத் தெரிந்துகொள்வர். 6 கேம்கள் வெல்வது ஒரு செட்; எதிரிணையினும் இரண்டு கேம்களேனும் மிகுதல் வேண்டும். இருதிறமும் 6 என நிற்பின் டை-பிரேக்கர் ஆடப்படும். இரு செட்கள் ஆளுக்கொன்றாகப் பகிரப்படின், மூன்றாவது செட்டிற்கு மாறாக முதலில் 10 புள்ளி எய்தும் நீண்ட டை-பிரேக்கர் ஒன்று ஆடப்படும். அதிலும் இரண்டு புள்ளி வேறுபாடு வேண்டும். விம்பிள்டன் முதலிய நாற்பெரும் போட்டிகளில் இச்சுருக்கம் இல்லை; ஆங்கு மூன்றாம் செட் முழுமையாக ஆடப்படுகின்றது. சுருக்கிய முறையில் ஆட்டம் விரைந்து முடியும் என்பது உண்மையே. ஆயின், ஒரு புள்ளியின் பிழைக்குக் கொடுக்கும் விலையும் அதனால் மிகுந்துவிடுகின்றது.

போட்டியிற் புகுதற்கும் கணக்கு ஒன்றுண்டு. இணையர் இருவருடைய தரவரிசை எண்களையும் கூட்டி, தொகை குறைந்த இணைக்கு முன்னிடம் தருவர். ஆகவே ஒருத்தி எத்துணை உயர்ந்தோளாயினும், தன் துணைவியின் எண்ணையும் சுமந்தே வாயிலிற் புகல் வேண்டும்.

இனி, நம் நாட்டிற்கு வருவாம். சென்னை நுங்கம்பாக்கத்து டென்னிஸ் அரங்கில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் ஆடவர் பன்னாட்டுப் போட்டி நடைபெற்று வந்தது. லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் இணைந்து அங்கே 1997-ல் இரட்டையர் பட்டம் பெற்றதையும், 2011-ல் மீண்டும் பெற்றதையும் ஆட்டவிருப்பினர் பலர் நினைவிற் கொண்டுள்ளனர். அவ்வரங்கில் மகளிர் சங்கத்து முதனிலைச் சுற்றுப்போட்டி வந்ததோ 2022 செப்டம்பர்த் திங்களிலேதான். அம்மாதம் 12-ஆம் நாள் முதல் 18-ஆம் நாள் வரை 'சென்னை ஓப்பன்' என்னும் பெயரால் அது நடைபெற்றது. மொத்தப் பரிசுத்தொகை 251,750 டாலர். ஒற்றையர் பட்டத்தைச் செக் நாட்டைச் சேர்ந்த 17 வயதினரான லிண்டா ஃப்ருவிர்டோவா, போலந்து நாட்டு மக்டா லினெட்டை 4–6, 6–3, 6–4 என வென்று கைக்கொண்டார். செய்தித்தாள்களிற் பெரிதும் பேசப்பட்டதும் இவ்வெற்றியே. அதே நாளில் முடிந்த இரட்டையர் போட்டியைப் பற்றி எழுந்த பேச்சு சிறிதே.

அவ்விரட்டையர் போட்டியில் 16 இணைகள் ஆடும்; பட்டம் பெறுவார் நான்கு சுற்றுக்களைக் கடத்தல் வேண்டும். முதலிடம் பெற்றுப் புகுந்த இணை, கனடா நாட்டு கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் பிரேசில் நாட்டு லூயிசா ஸ்டெஃபானியுமாவர். இறுதியாட்டத்தில் அவர்களை எதிர்த்து நின்றவர்கள் அன்னா பிளின்கோவாவும் நடேலா ஜலமிட்ஸேயும். முடிவு 6–1, 6–2. ஆடிய 15 கேம்களில் 12 ஒருபக்கத்தனவே. எண்களை மட்டும் நோக்குவார் இதனை எளிய வெற்றி எனக் கருதுவர். அவ்வெண்களுக்குப் பின்னே ஓராண்டுத் துன்பம் மறைந்திருந்தது.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் டப்ரோவ்ஸ்கியும் ஸ்டெஃபானியும் கனடா நாட்டுப் பெரும்போட்டியில் இரட்டையர் பட்டம் வென்றனர். அடுத்த மாதம் அமெரிக்க ஓப்பனில் அரையிறுதி வரை முன்னேறினர். ஆங்கு கோகோ காஃப், கேட்டி மக்னேலி என்னும் இணையோடு ஆடுங்கால், முதற்செட் டை-பிரேக்கரில் ஸ்டெஃபானி பந்தை நோக்கி ஓடி, வலமுழங்கால் பிறழ்ந்து வீழ்ந்தார். முழங்காலின் உள்நின்று எலும்புகளைப் பிணிக்கும் தசைநார் அறுந்துவிட்டது. சக்கர நாற்காலியில் வைத்து அவரைக் களத்தினின்று கொண்டு சென்றனர். ஒருவர் விழ, மற்றவருக்கு எவ்வகைக் குறையும் இல்லாதபோதும், ஆட்டம் அவ்விடத்தே முடிந்தது. இரட்டையர் ஆட்டத்தின் கடுமை இதுவாகும்: ஒருத்தியின் முழங்கால் இருவர்க்கும் முழங்காலாகும்.

அத்தகைய புண், அறுவை மருத்துவத்தையும் பல திங்கள் பயிற்சியையும் வேண்டுவது. அக்காலத்தே டப்ரோவ்ஸ்கி வாளாவிருக்க இயலாது. ஆடுவதே அவர் தொழில். மெக்சிகோ நாட்டு ஜூலியானா ஓல்மோஸோடு இணைந்து 2022-ல் மாட்ரிட் நகரத்துப் பட்டத்தையும் வென்றார். அதன்பின்னும், ஓராண்டு முழுதும் களங்காணாத ஸ்டெஃபானி மீண்டு வந்த முதற்போட்டியாகிய சென்னையில், அவர் பக்கத்தே நின்றவர் டப்ரோவ்ஸ்கியே. வீழ்ந்த நாளில் உடனிருந்தவரே எழுந்த நாளிலும் உடனிருந்தார். நுங்கம்பாக்கத்து அரங்கில் அவ்வாட்டத்தைக் கண்டோர், ஒருவர் ஓட்டத்தில் மற்றவர் வைத்த நம்பிக்கையையே கண்டனர் என்று யாம் கருதுகின்றோம். முழங்கால் அறுந்தவர் மீண்டும் வலையருகே குறுக்கே பாய்தற்குத் தன் கால்மேல் நம்பிக்கை வேண்டும். தான் பிழைத்தால் பின்னிற்பவர் காப்பார் என்னும் நம்பிக்கை அதனினும் மிக வேண்டும்.

சென்னையிற் கிடைத்த வெற்றி அவர் மீட்சிக்குத் தொடக்கமாயிற்று. நான்கு திங்களுக்குப் பின், 2023 ஜனவரியில், ஸ்டெஃபானி தம் நாட்டவராகிய ரஃபேல் மாடோஸோடு ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார். அவ்விறுதியாட்டத்தில் அவர்களுக்குத் தோற்றவர்கள் நம் சானியா மிர்சாவும் ரோகன் போபண்ணாவுமே. நாற்பெரும் போட்டிகளில் சானியா ஆடிய கடைசி இறுதியாட்டம் அது. டப்ரோவ்ஸ்கியும் நமக்குப் புதியவரல்லர். 2017-ல் பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டத்தை அவர் போபண்ணாவோடு இணைந்தே பெற்றார். பின்னர் 2023-ல் எரின் ரவுட்லிஃபோடு சேர்ந்து அமெரிக்க ஓப்பன் மகளிர் இரட்டையர் பட்டத்தையும் கைக்கொண்டார்.

சானியாவைக் கூறியதனால் அவர் வரலாற்றில் ஒன்றனைச் சுட்டுதல் இன்றியமையாதது. ஒற்றையரில் அவர் எய்திய உயர்நிலை உலக வரிசையில் 27-ஆம் இடம். மணிக்கட்டு முதலிய இடங்களில் உற்ற நோவுகளால் ஒற்றையரை விடுத்து, இரட்டையரிலேயே கருத்தூன்றினார். 2015 ஏப்ரல் 13-ஆம் நாள் இரட்டையர் வரிசையில் உலக முதலிடம் பெற்றார். அவ்வாண்டு விம்பிள்டன் இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்து நாட்டு மார்ட்டினா ஹிங்கிஸோடு நின்று, மூன்றாம் செட்டில் 2–5 எனப் பின்தங்கிய நிலையினின்று மீண்டு, 5–7, 7–6, 7–5 என வென்றார். அவ்விணை ஒருகால் தொடர்ந்து 41 ஆட்டங்களில் தோல்வி காணாது சென்றது. ஒற்றையரில் முடியாதவர் ஒதுங்குமிடமே இரட்டையர் என்று கூறுவாருக்கு இவ்வரலாறு தக்க விடையாகும். தனித்து நின்று 27-ஆவதானவர், இணைந்து நின்று முதல்வரானார் என்றால், இணைதலும் தனியொரு வன்மை என்பது தெற்றென விளங்கும்.

இவ்வுண்மையை எலிசபெத் ரயன் என்னும் அமெரிக்க மங்கையின் வாழ்வும் வலியுறுத்தும். விம்பிள்டனில் அவர் வென்ற பட்டங்கள் 19. அவற்றுள் 12 மகளிர் இரட்டையர். 7 கலப்பு இரட்டையர். ஒற்றையர் பட்டம் ஒன்றேனும் இல்லை. அப்பத்தொன்பதின் மேல் ஒன்று பெற்று 20 ஆக்கியவர், முன் குறித்த பில்லி ஜீன் கிங். 1979-ல் மார்ட்டினா நவ்ரத்திலோவாவோடு அவர் பெற்ற அவ்விருபதாவது பட்டமும் இரட்டையர் பட்டமே. அதற்கு முந்திய நாள் ரயன் உயிர் நீத்தார். இத்துணைப் பெருஞ்செயல் செய்த ரயனின் பெயரை இன்று டென்னிஸ் விரும்புவோருள்ளும் எத்துணைப் பேர் அறிவர்?

இங்கேதான் எம் உள்ளத்தை உறுத்துவதொன்றைக் கூறல் வேண்டும். 2022-ல் சென்னைப் போட்டியில் ஒற்றையர் பட்டம் பெற்றவர்க்கு உரிய தரப்புள்ளிகள் 280. இரட்டையர் பட்டம் பெற்ற இருவர்க்கும், ஆளுக்கு அதே 280. புள்ளி இருவருக்கும் இடையே பகுக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் முழுவெற்றி பெற்றவராகவே எண்ணப்பட்டனர். இது மிக்க நேர்மையான முறை. ஒருவர் பாதி வென்றார், மற்றவர் பாதி வென்றார் என்பது இவ்வாட்டத்திற்குப் பொருந்தாது. இருவரும் முழுமையாக வென்றனர் என்பதே பொருந்தும். ஆயின் பரிசுத்தொகையிலோ இந்நேர்மை காணப்படவில்லை. இரட்டையர் இணை முழுமைக்கும் கிடைக்கும் தொகை ஒற்றையர் வெற்றியாளர் ஒருவர் பெறும் தொகையினும் மிகக் குறைவு. அதனையும் இருவர் பகுத்துக்கொள்ளல் வேண்டும். வழிச்செலவும் தங்குமிடச் செலவும் பயிற்றுவோர்க்கு ஈயும் ஊதியமும் இருவர்க்கும் தனித்தனியே உள.

இதற்கு மறுப்பாகச் சிலர், காண்போர் ஒற்றையரையே காண வருகின்றனர். வருவாய் வரும் வழியே பரிசும் செல்லும் என்பர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வாணிக நோக்கில் நடத்துவார் வருவாயை எண்ணாதிருத்தல் இயலாது. ஆயினும், காண்போர் ஏன் வருவதில்லை என்பதையும் எண்ணுதல் வேண்டும். இரட்டையர் ஆட்டத்தைப் பக்கக் களங்களிலும் பொழுது சாய்ந்த வேளையிலும் வைத்து, அதன் நுட்பத்தை எவரும் எடுத்துரையாது விடின், காண்போர்க்கு அதன் சுவை எங்ஙனம் புலனாகும்? முதுகின்பின் காட்டும் விரற்குறியின் பொருள் அறிந்தவன் அவ்வாட்டத்தை விட்டு எழான். இக்கட்டுரையில் ஆட்ட இலக்கணத்தை விரித்தமைக்குக் காரணமும் அதுவே.

இவற்றால் குடவாசற் பக்கத்தார்க்கு யாது பயன் என வினவுவாரும் உளராவர். எம் நாட்டு வயல்களில் நாற்று நடும் மகளிர் வரிசையாக நின்று, ஒருவர் கைவேகத்திற்கு மற்றவர் கைவேகம் ஒத்து நட்டுச் செல்வதை யாம் கண்டு வளர்ந்தோம். நட்ட வயல் முழுதும் ஒரே பசுமையாய் விளங்கும். இந்நாற்று இன்னாள் நட்டது எனப் பிரித்துக் கூறுவார் இல்லை. கூடி உழைக்கும் அறிவு எம் மகளிர்க்குக் கருவிலே வாய்த்த திரு என்றே சொல்லலாம். ஆயின் கூடி ஆடுதற்கு அவர்க்கு வாய்த்த பொழுது சிறிது. பள்ளியில் ஓடியாடித் திரிந்த சிறுமியர் பலர் பதினான்கு பதினைந்து வயதின்மேற் களத்தை விட்டு நீங்குதலை யாம் காண்கின்றோம். தனியே அனுப்ப அஞ்சும் பெற்றோரும் உளர். தனியே நின்று பலர் கண்முன் ஆட நாணும் சிறுமியரும் உளர். இவ்விருவகைத் தடைக்கும் இரட்டையர் ஆட்டம் நல்ல மருந்தாகும். துணையோடு செல்கின்றாள் எனின் பெற்றோர் அச்சம் குறையும். துணையோடு நிற்கின்றேன் எனின் சிறுமியின் நாணம் நீங்கும்.

இதற்கு டென்னிஸ் களமே வேண்டுமென்பதில்லை. கம்பளி நூற்பந்தும் மட்டையும் கொண்டு ஆடும் பூப்பந்தாட்டம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் தஞ்சையில் அரச குடும்பத்தாரிடையே தோன்றிற்று என்பர். ஐவர் ஐவராக ஆடுதலும் இருவர் இருவராக ஆடுதலும் அதற்கு உண்டு. மண்ணைச் சமன்செய்து, இரு கம்பம் நட்டு, ஒரு வலை கட்டினால் களம் ஆயிற்று. ஒரு வலைக்கு நால்வர் ஒருங்கே ஆடலாம். ஆதலின் சிறு ஊர்ப் பள்ளிக்கும் அச்செலவு பெரிதன்று. கோயம்புத்தூரிற் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையரில் ஓர் ஆட்டம் வென்று, நாற்பெரும் போட்டிகளின் முதன்மைச் சுற்றில் வென்ற இந்திய மகளிர் வரிசையில் இடம்பெற்றார். தமிழ் மகளிர்க்கு இவ்வாட்டங்கள் எட்டாதன அல்ல என்பதற்கு அவர் ஒருவரே சான்றாவார்.

சென்னை மகளிர் போட்டி 2025-ஆம் ஆண்டிலும் நுங்கம்பாக்கத்தில் நடைபெற்றது. இனியும் நடைபெறுமாயின், செல்ல வாய்ப்புடைய மாணவ நண்பர்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தோடு அமையாது, இரட்டையர் ஆடும் களத்தின் பக்கலிலும் சிறிது பொழுது அமர்க. வலையருகே நிற்பவளின் முதுகுப்புறத்து விரல்களை நோக்குக. அவள் பாயுங்கணத்தில் பின்னிற்பவள் எங்கே ஓடுகின்றாள் என்பதை நோக்குக. ஊர் திரும்பியபின், தம் தங்கையர் கையில் ஆளுக்கொரு மட்டை கொடுத்து, வலையின் ஒரு புறத்தே இருவராக நிறுத்துக.